வளர்ச்சிக்கு இரண்டு விரல்



தீபாவளி விடுமுறை கழிந்ததும் டெல்லியிலுள்ள வீடுகளில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி வெளியே இழுக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். மூடியைத் திறந்தவுடன் அந்துருண்டையின் வாசனை அறையெங்கும் பரவும். ரஜாய்களும் சால்வைகளும் மொட்டைமாடிக்குப் போய் ஒரு பகல் முழுவதும் வெயில் காயும். அந்தப் பெட்டியின் அடியில், கடையில் வாங்கிய ஜாக்கெட்டுகளுக்கெல்லாம் கீழே, பழைய தலையணை உறைக்குள் சுற்றிவைக்கப்பட்ட கைப்பின்னல் ஸ்வெட்டர் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். இப்போது அது வீட்டில் ஒருவருக்கும் பொருந்தாது. ஆயினும் வீடு மாற்றும்போதெல்லாம் கூடவே வருகிறது. அதை யார் பின்னினார்கள், யாருடைய அளவுக்குப் பின்னினார்கள் என்பது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

மும்பையிலும் சூரத்திலும் இதை வாசிக்கிறவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் பட்டணங்களில் கம்பளிக்கு வேலை குறைவு. பனிமூட்டம் சூரியனை மறைக்க, இரவில் நான்கு டிகிரிக்கும் கீழே குளிர் இறங்கும் வடக்கத்திய ஜனவரியை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும்.

1970-களிலும் 80-களிலும் டெல்லியில் குளிர்காலம் என்றாலே ஸ்திரீகளின் கைகளில் இரண்டு ஊசிகள் அசைவதுதான் கண்ணில் படும். டி.டி.சி. பேருந்தில் நின்றுகொண்டே பின்னுவார்கள். மத்திய அரசு அலுவலகங்களின் புல்வெளிகளில் மதிய உணவு முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பின்னுவார்கள். அரசுக் குடியிருப்புகளின் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, வெயில் நகர நகரக் கட்டிலையும் நகர்த்திக்கொண்டு பின்னுவார்கள். சிலருடைய கண்கள் பின்னலைப் பார்ப்பதேயில்லை. வாய் பேசிக்கொண்டிருக்கும், கண் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும், கைகள் மாத்திரம் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

என் தகப்பனார் மத்திய அரசு ஊழியர். நாங்கள் நேதாஜி நகர் குடியிருப்பில் இருந்தோம். (அந்தப் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் இப்போது உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன.) 1977-ஆம் ஆண்டு அக்டோபரில், எனக்கு ஏழு வயதாயிருந்தபோது, தங்கை பிறக்கவிருந்தபடியால் அப்பாவின் தாயார் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து வந்தார்கள். அம்மாவின் தாயார் அதற்கு முன்னமே கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார்கள். ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பிரயாணம் செய்து இறங்கிய ஆச்சியிடம் இரண்டு பருத்திச் சேலைகளும், ஒரு பனையோலைப் பெட்டியும், வேதாகமமும் இருந்தன. கம்பளி என்பதை அவர்கள் அதுவரை தொட்டதேயில்லை. இந்தியில் ஒரு வார்த்தையும் தெரியாது.

ஆனால் ஆச்சியின் கைகள் ஒன்றும் தெரியாத கைகளல்ல. இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனெரி சார்லஸ் மால்ட் என்பவரின் மனைவி மார்த்தா மால்ட், அங்கிருந்த பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ரேந்தை என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அடிமைத்தனத்திலிருந்த பெண்களில் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கைவேலையும் அவரோடு வந்தது. தாய் நாகர்கோவிலில் கற்பித்ததை மகள் திருநெல்வேலிச் சீமையில் கற்பித்தார். அது தாய்மாரிடமிருந்து மகள்மாருக்கும், மிஷன் போர்டிங் பள்ளிகள் வழியாகவும் ஊர் ஊராகப் பரவிற்று. அப்படிப்பட்ட போர்டிங் பள்ளி ஒன்றில்தான் ஆச்சி சிறுமியாயிருந்தபோது கொக்கி ஊசியும் ரேந்தையும் கற்றிருந்தார்கள்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பஞ்சாபி மூதாட்டி இருந்தார்கள். குடியிருப்பு முழுவதும் அவர்களைப் ‘பீஜி’ என்றே அழைக்கும். 1947-இல் தேசம் பிரிந்தபோது லாகூரை விட்டு வந்த குடும்பம். ஒரு நாள் காலையில் ஆச்சி, சேலைத் தலைப்பை இறுகப் போர்த்திக்கொண்டு, நடுங்கியபடியே முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பீஜி ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்துபோய், தாம் பின்னிவைத்திருந்த சால்வையைக் கொண்டுவந்து ஆச்சியின் தோளில் போட்டார்கள். ஆச்சியோ நன்றி சொல்லத் தெரியாமல், அந்தச் சால்வையின் ஓரத்தைத் திருப்பி, கண்ணிகளை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு கைவேலைக்காரிக்கு இன்னொரு கைவேலைக்காரி கொடுக்கும் மரியாதை அது. மறுநாள் பீஜி ஒரு ஜோடி ஊசியோடு வந்து உட்கார்ந்தார்கள்.

‘சீதா’ என்றால் நேர்க்கண்ணி, ‘உல்டா’ என்றால் புறங்கண்ணி. ‘சலாய்’ என்றால் ஊசி, ‘ஃபந்தா’ என்றால் கண்ணி, ‘லச்சி’ என்றால் நூற்கண்டு, ‘கோலா’ என்றால் உருட்டிவைத்த பந்து. ஆச்சி கற்ற முதல் இந்தி இவ்வளவுதான். காய்கறிக்காரனிடம் பேசத் தெரியாத ஆச்சிக்குப் பீஜியுடன் மணிக்கணக்காய் இருக்க இது போதுமானதாயிருந்தது. பீஜி பஞ்சாபியில் ஏதோ சொல்வார்கள், ஆச்சி தமிழில் ஏதோ பதில் சொல்வார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கியதா என்று நாங்கள் அம்மாவிடம் கேட்போம். “விளங்காமலா இரண்டு பேரும் ஒரே இடத்தில் அழுகிறார்கள்?” என்பார்கள் அம்மா.

பின்னலைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில காரியங்களைச் சொல்லவேண்டும். நெய்யும் துணியில் பாவு என்றும் ஊடை என்றும் இரண்டு நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். பின்னலில் ஒரே நூல்தான். அது தன்னைத்தானே கண்ணியாய் வளைத்து, முந்திய வரிசையின் கண்ணிக்குள் புகுந்து எழும்பும். ஆகையால்தான் ஸ்வெட்டர் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கண்ணிகளுக்கும் இழைகளுக்கும் நடுவே அகப்பட்டு நிற்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது. ஓரப் பட்டைக்குப் பத்தாம் எண் ஊசி, உடம்புக்கு எட்டாம் எண் ஊசி. எண் கூடக்கூட ஊசி மெல்லியதாகும் என்பது அப்பாவுக்கு ஆயுள் முழுவதும் விளங்காத கணக்கு. கடையில் தவறாமல் மாற்றி வாங்கிக்கொண்டு வருவார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. சிறு பிள்ளையின் ஸ்வெட்டருக்கு முதுகுப் பக்கம் மாத்திரம் சுமார் எழுபது கண்ணிகள் ஏற்றி, நூற்றிருபது வரிசை பின்னவேண்டும். அது 8,400 கண்ணிகள். முன்பக்கமும் அப்படியே. இரண்டு கைகளையும் சேர்த்தால் இருபதாயிரத்தைத் தாண்டும். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக ஊசியில் எடுக்கப்பட்டு, ஊசியிலிருந்து இறக்கப்பட்டது. நடுவில் ஒன்று நழுவினால் ஏணிபோலக் கீழ்வரை ஓடிவிடும்.

ஆச்சி டேப் வைத்து அளந்ததில்லை. என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, பிடரியிலிருந்து இடுப்புவரை சாண் போட்டு அளப்பார்கள். சாணுக்கு மிஞ்சியதை விரற்கடையால் அளப்பார்கள். பன்னிரண்டு விரல் ஒரு சாண். கடைசியில் “வளர்ச்சிக்கு இரண்டு விரல்” என்று சொல்லித் தட்டிக்கொடுத்து அனுப்புவார்கள். அந்த இரண்டு விரல் அகலம் முதல் வருஷம் இடுப்புக்குக் கீழே தொங்கும், இரண்டாம் வருஷம் சரியாயிருக்கும். மூன்றாம் வருஷம் தங்கைக்குப் போகும், அல்லது பிரிக்கப்படும்.

பிரிப்பது ஒரு தனி வேலை. முடித்த இடத்திலுள்ள முடிச்சை அவிழ்த்து இழுத்தால் ஸ்வெட்டர் முழுவதும் சரசரவென்று நூலாய்த் திரும்பிவிடும். பிள்ளைகளாகிய எங்களுக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு அந்நாட்களில் இல்லை. பிரித்த நூல் சுருள் சுருளாயிருக்கும். அதை நாற்காலியின் முதுகில் சுற்றி லச்சியாக்கி, ரீட்டா என்று அங்கே சொல்லப்படும் பூந்திக்கொட்டை நீரில் மெதுவாய் அலசி, கீழே ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிட்டால் சுருள் நிமிர்ந்துவிடும். கொதிக்கும் நீரும், கசக்கிப் பிழிவதும் ஆகாது. கம்பளி திரண்டு கட்டியாகிவிடும். பழைய நூலோடு புதிய நிறம் ஒன்றைச் சேர்த்து அடுத்த அளவு பின்னப்படும். என் மூன்றாம் வகுப்பு ஸ்வெட்டரின் பச்சை, தங்கையின் தொப்பியிலும் அப்பாவின் கழுத்துத் துண்டிலும் பல வருஷங்கள் உயிரோடிருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரு சங்கடம் உண்டாயிற்று. பள்ளியின் பெயர் வேண்டாம். கருநீல நிறத்தில், கழுத்து ‘வி’ வடிவில் இருக்கவேண்டும் என்பது சட்டம். ஆச்சி பின்னியது நீலம்தான், ஆனால் கருநீலமல்ல, கழுத்தும் வட்டம். காலைக் கூட்டத்தில் வரிசையிலிருந்து என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமைக்குள் சரியான ஸ்வெட்டர் வேண்டும். மாதக் கடைசி, கடையில் வாங்க வீட்டில் பணமில்லை. செய்தி எதிர்வீட்டிற்குப் போயிற்று. பீஜி தம் பெட்டியிலிருந்து கருநீல நூலை எடுத்துவந்தார்கள். முன்பக்கத்தைப் பீஜியும் பின்பக்கத்தை ஆச்சியும் எடுத்துக்கொண்டார்கள். அம்மா தங்கையை மடியில் போட்டுக்கொண்டே ஒரு கையைப் பின்னினார்கள். ஐந்து இரவுகளில் முடிந்தது. ஒருவருடைய கை இறுக்கம் இன்னொருவருக்கு வராது என்பதைப் பின்னுகிறவர்கள் அறிவார்கள். பீஜி இறுக்கிப் பின்னுவார்கள், ஆச்சி தளரப் பின்னுவார்கள். ஆகையால் ஒரே எண்ணிக்கையில் ஏற்றியும் முன்பக்கம் குட்டையாகவும் பின்பக்கம் நெட்டையாகவும் வந்துவிட்டது. திங்கட்கிழமை ஆசிரியை அதைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நீளத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை போலும்!

சாமுவேலின் சின்னச் சட்டையை இந்நேரம் நீங்கள் நினைத்திருப்பீர்கள். வேதாகமக் கல்லூரியில் நாங்கள் வாசித்த விளக்கவுரைகளில் பல, அன்னாள் வருஷந்தோறும் சீலோவுக்குக் கொண்டுபோன அந்தச் சட்டையை ஒரு வரியில் சொல்லிவிட்டு, ஏலியின் குமாரரிடத்திற்கு விரைந்து போய்விடும். அது எனக்கு எப்பொழுதும் குறையாகவே தோன்றும். அன்னாள் அந்தப் பிள்ளையை வருஷத்திற்கு ஒருமுறைதான் பார்க்கிறாள். ஆனால் சட்டையை வீட்டிலேயே ஆயத்தப்படுத்த வேண்டும். போன வருஷம் கட்டியணைத்தபோது தலை எவ்விடத்தில் முட்டிற்று, அதற்குப்பின் எவ்வளவு உயர்ந்திருப்பான் என்று கண்காணாத பிள்ளையின் வளர்ச்சியை மனதினால் அளந்து அவள் துணியை வெட்டியிருக்க வேண்டும். அது நெய்த துணியாகவே இருந்திருக்கும். ஊசிப் பின்னல் அக்காலத்தில் இல்லை. எகிப்தில் கிடைத்துள்ள மெய்யான பின்னல் துணிகளே கிறிஸ்துவுக்கு ஆயிரம் வருஷங்களுக்குப் பிற்பட்டவை. ஜெர்மனியில் 1400-ஆம் ஆண்டையொட்டி மேய்ஸ்டர் பெர்த்ராம் என்ற ஓவியர் தீட்டிய ஒரு படத்தில், மரியாள் நான்கு ஊசிகளைக் கொண்டு தையலில்லாத சிறு சட்டை ஒன்றைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். வேதத்தில் அப்படி எழுதப்படவில்லை, ஓவியர் தம் ஊரில் கண்டதை வரைந்திருக்கிறார். இருந்தாலும் பின்னுகிற தாயின் கழுத்து வளைவை அவர் சரியாகவே கண்டிருக்கிறார்.

இயந்திரப் பின்னலும் பழையதுதான். இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-இல் காலுறை பின்னும் கருவியைச் செய்தார். அவர் ஒரு சபையின் போதகர் என்றும் சொல்லப்படுகிறது. நம்முடைய திருப்பூர் பனியனை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்; ஆச்சி பின்னிய அதே கண்ணிகள், மிகச் சிறிய அளவில் தெரியும். லூதியானாவின் ஆலைகளில் ஒரு ஸ்வெட்டர் வெளிவர ஆகும் நேரத்தில் பீஜி நூலைப் பந்தாக உருட்டிக்கூட முடித்திருக்கமாட்டார்கள். இன்று நல்ல நூலை வாங்கிக் கையால் பின்னினால், கடை ஸ்வெட்டரைவிடச் செலவு அதிகமாகிவிடும். நான் ஆலைகளைக் குறைசொல்லவில்லை; சபையில் அநேகர் அந்த ஆலைத் துணிகளால்தான் குளிரைக் கடக்கிறோம். ஆலை ஒன்றை மாத்திரம் செய்யாது. அது இல்லாத பிள்ளையை நினைத்து அளவெடுக்காது.

1980 மே மாதத்தில் ஆச்சி ஊருக்குத் திரும்பினார்கள். தாத்தாவுக்குச் சரீரம் பலவீனப்பட்டிருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. புறப்படும் நாளில் பீஜி தம்முடைய எட்டாம் எண் ஊசிகளை ஆச்சியின் பனையோலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இரண்டு பேரும் மறுபடி சந்திக்கவில்லை.

அதன் பின்பு நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். கம்பளி விற்காத, கம்பளி வேண்டாத அந்தப் பனங்காட்டு ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஆச்சி எங்களுக்கு ஸ்வெட்டர் பின்னினார்கள். அப்பா டெல்லியிலிருந்து நூலைப் பார்சலில் அனுப்புவார்கள். சித்திரை வெயிலில், திண்ணையில் அமர்ந்து, வியர்வை நூலில் பட்டுவிடாதபடி கையைத் துடைத்துத் துடைத்துப் பின்னுவார்களாம். ஊரார் சிரிப்பார்களாம். நவம்பரில் வெள்ளைத் துணியில் தைத்து, அரக்கு முத்திரையிட்ட பொதி வந்துசேரும். உள்ளே பனங்கற்கண்டு, அதற்குள் எறும்பு, அதற்கடியில் ஸ்வெட்டர்.

அளவெடுக்கப் பிள்ளை எதிரே இல்லை. 1981-இல் வந்தது மிகவும் பெரிதாயிருந்தது. ஒரு வருஷத்தில் பேரன் மிகவும் வளர்ந்திருப்பான் என்று எண்ணியிருந்தார்கள். 1982-இல் வந்தது பொருந்திற்று. 1983-இல் வந்தது இறுக்கம். 1984-இல், எனக்குப் பதினைந்து வயதாகி அப்பாவின் தோளுக்கு வளர்ந்திருந்தபோது, செம்மண் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வந்தது. பத்து வயதுப் பையனுடைய அளவு. அதில் பூவேலையோ கோடோ இல்லை, முழுவதும் ஒரே நேர்ப்பின்னல். கண்ணில் படலம் விழுந்துவிட்டதென்றும், கையால் தடவித் தடவித்தான் பின்னுகிறார்களென்றும் சித்தப்பா கடிதத்தில் எழுதியிருந்தார்கள். கடிதத்தின் கடைசியில், ஆச்சி சொல்லச் சொல்ல எழுதிய ஒரு வரி இருந்தது: அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வளர்ச்சிக்கு இரண்டு விரல் விட்டிருக்கிறேன் என்று. அப்பா அந்த ஸ்வெட்டரை என் முதுகில் வைத்துப் பார்த்தார்கள். பின்பு அதை மடித்து வைத்துவிட்டு முற்றத்திற்குப் போய் வெகுநேரம் நின்றார்கள். ரயிலேறும் நாளில் ஆச்சியின் கையில் நின்ற அளவு அது. அடுத்த ஆண்டு அவர்கள் நித்திரையடைந்தார்கள்.

வீட்டுச் சந்திப்புக்குப் போகிற இடங்களில் ஆச்சிமார்களையும் பாட்டிமார்களையும் நான் காண்கிறேன். மகனுடைய வேலைக்காக நொய்டாவிலும் குருகிராமிலும் பத்தாம் மாடியில் வந்து தங்கியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் ஆங்கிலமும் இந்தியும் பேசுகிறார்கள். இவர்களுக்கு இரண்டும் வராது. ஜெபித்து முடித்தபின் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: “அம்மா, சின்ன வயதில் கையால் என்ன செய்வீர்கள்?” ஒருவர் ஓலைப்பெட்டி முடைவேன் என்பார். ஒருவர் ரேந்தை என்பார். மணப்பாட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயார், கடையில் பொருள் கட்டிவந்த பிளாஸ்டிக் நாடாவைக் கேட்டு வாங்கி, நாங்கள் தேநீர் குடித்து முடிக்குமுன் ஒரு சிறு பெட்டி முடைந்து காட்டினார்கள். கைபேசியை விட்டுத் தலை நிமிராத பேரன் எழுந்துவந்து, பாட்டியின் முழங்காலருகே உட்கார்ந்து, அடிப்பாகம் எப்படி வந்தது என்று இந்தியில் கேட்டான். அவர்கள் தமிழில் விளக்கினார்கள். யோப்பாவில் தொற்காள் மரித்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காண்பித்தது அவள் செய்துகொடுத்த அங்கிகளைத்தான் என்பதை அந்த வீட்டில் நினைத்துக்கொண்டேன்.

செம்மண் நிற ஸ்வெட்டர் நாற்பது ஆண்டுகளாக எங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தது. இந்தக் குளிர்காலத்திற்கு முன் என் மகள் அதை எடுத்து, தன் நான்கு வயது மகனுக்கு அணிவித்துப் பார்த்தாள். முழங்காலைத் தொட்டது. பிரித்துச் சிறிதாகப் பின்னலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். எனக்கு மனம் வரவில்லை. ஆச்சியின் கை கடைசியாகப் பட்ட பொருள், அப்படியே இருக்கட்டும் என்றேன். எழுபத்தெட்டு வயதாகிய என் அம்மா அதற்கு இடங்கொடுக்கவில்லை. “அத்தை சும்மா கிடக்கிற கம்பளியைப் பார்த்துச் சகிக்கமாட்டார்கள். இதைப் பெட்டியில் வைக்கவா பின்னினார்கள்?” என்று சொல்லிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முடிச்சைத் தேட ஆரம்பித்தார்கள்.

முடிச்சு கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் இருந்தது. கண் தெரியாத ஆச்சி மூன்று தரம் முடிந்திருந்தார்கள். அதோடு, நூலை வெட்டாமல் ஒரு முழ நீளம் விட்டு, பிற்பாடு எங்காவது கிழிந்தால் தைப்பதற்கென்று உள்ளே செருகி வைத்திருந்தார்கள். அவிழ்க்க அம்மாவுக்கு அரைமணி நேரமாயிற்று. பிரித்து எடுத்த நூல் சமையலறைத் தராசில் 260 கிராம் நின்றது. பூந்திக்கொட்டை நீரில் அலசி, பால்கனிக் கம்பியில் லச்சியாகத் தொங்குகிறது. கீழே கனத்திற்கு அம்மியின் குழவியைக் கட்டியிருக்கிறார்கள். சின்னவனுக்கு 170 கிராம் போதுமென்றும், மிச்சத்தில் எனக்கு ஒரு தொப்பி வருமென்றும் அம்மா கணக்குச் சொல்லுகிறார்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணி ஏற்றப் பழகுகிறாள். அவளுடைய கை இறுக்கம்.